ஒரு பாட்டு, பல தட்டுகள்: பீட்டில்ஸ் இசைத்தட்டுகளில் நற்படி தேடல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடம் காண்பது தமிழ்ப் பதிப்புலகிற்குப் பழகிய பணியாகும். ஒரு நூலுக்குப் பத்துச் சுவடிகள் கிடைத்தால் அவை பத்தும் ஒத்திருப்பதில்லை. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்; படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்னும் பழமொழி பிறந்ததும் இதனாலேயே. கையால் எழுதும் ஏட்டில் பிழை புகும். பொறியால் அச்சிடும் இசைத்தட்டில் அதற்கு இடமேது என்று பலரும் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்துவதன்று. ஒரே பெயரும் ஒரே அட்டையும் தாங்கிய இரண்டு தட்டுகள் செவிக்கு இருவேறு தட்டுகளாகவே ஒலிப்பதுண்டு. சிலவற்றில் பாட்டே வேறாக இருப்பதும் உண்டு.

இதற்குச் சிறந்த சான்று இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் தோன்றிய பீட்டில்ஸ் குழுவின் தட்டுகளாகும். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் 1962 முதல் 1970 வரை வெளியிட்ட பாடல்கள் பல நாடுகளில், பல ஆலைகளில், பல காலங்களில் அச்சாகி வந்துள்ளன. அவற்றுள் மிக நன்றாக ஒலிக்கும் படி எது என்று தேடுவதையே வாழ்நாள் வேட்கையாகக் கொண்டோர் உலகெங்கும் உளர். அவர்தம் தேடல் வெறும் பொழுதுபோக்கா, அன்றிப் பாட்டின் மூலத்தை நாடும் ஆய்வா என்பதே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் வினா.

தட்டின் பிறப்பு

வேறுபாடு எங்கே நுழைகிறது என்பதை அறியத் தட்டு பிறக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். கலைஞர் பாடியது நாடாவில் பதிவாகிறது. அந்நாடாவின் பல தடங்களையும் உரிய அளவில் சேர்த்துக் கலவை ஒன்று செய்யப்படுகிறது. அக்கலவையைத் தாங்கிய நாடாவே மூல நாடா. அதனை ஓடவிட்டு, அரக்குப்பூச்சுடைய அலுமினியத் தட்டொன்றில் பள்ளம் வெட்டுகின்றனர். வெட்டிய தட்டின்மேல் வெள்ளியும் நிக்கலும் படியச் செய்து எதிர்ப்படிவம் எடுப்பர். அது தந்தைத் தகடு. அதிலிருந்து தாய்த் தகடு; தாயிலிருந்து அச்சுத் தகடு; அச்சுத் தகடுகளின் இடையே சூடேற்றிய வினைலை வைத்து அழுத்தினால் கடையில் விற்கும் தட்டு கிடைக்கும். நாடாவிற்கும் கேட்பவன் செவிக்கும் இடையே இத்தனை தலைமுறைகள் உள்ளன.

இவற்றுள் தலையாயது பள்ளம் வெட்டும் பணி. தாழ்ந்த ஒலி பள்ளத்தை அகலமாக அலைக்கழிக்கும். ஆகவே வெட்டும்போது அதனைக் குறைத்தும், உயர்ந்த ஒலியை மிகுத்தும் வெட்டுவர். இயக்கும் கருவி அதனைத் திருப்பிச் சமன்செய்யும். தட்டு நிமிடத்திற்கு 33⅓ சுற்று என ஒரே சீராகச் சுழல்கிறது. எனினும் வெளி விளிம்பில் ஊசியின்கீழ் வினாடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது; உட்புறத்தில் ஏறத்தாழ 21 செ.மீ. மட்டுமே ஓடுகிறது. அதே ஒலியைப் பாதியினும் குறைந்த இடத்தில் எழுத வேண்டிய நெருக்கடி அங்கே நேர்கிறது. 'சார்ஜெண்ட் பெப்பர்' தொகுப்பின் இறுதிப் பாட்டான 'எ டே இன் தி லைஃப்' தன் பேரிசை எழுச்சியை இந்த நெருக்கடி மிகுந்த உள்வட்டத்திலேயே கொண்டுள்ளது. அவ்விடத்தைக் கரகரப்பின்றித் தருகின்ற தட்டே நல்ல தட்டு என்பது சேகரிப்போர் கொள்ளும் எளிய சோதனைகளுள் ஒன்று.

ஒலியை உரக்க வெட்டினால் இசைக்கு உயிர்ப்பு மிகும். ஆனால் மலிவான கருவியில் ஊசி துள்ளும். அடக்கி வெட்டினால் எல்லாக் கருவியிலும் ஓடும். ஆனால் வீறு குறையும். எனவே வெட்டும் பொறியாளர் ஒரு வகையில் உரையாசிரியர் போன்றவர். மூலத்தை மாற்றாமலே அதன் பொருளை மிகுக்கவும் குறைக்கவும் வல்லவர். இ.எம்.ஐ. நிறுவனத்தில் பீட்டில்ஸ் தட்டுகள் பலவற்றை வெட்டிய ஹாரி மாஸ் போன்றோரின் பெயரை அட்டையில் காண இயலாது. அவர்தம் கைவண்ணம் பள்ளத்தில் மட்டுமே உள்ளது.

வெற்றிடத்து எழுத்து

தட்டின் கடைசிப் பாட்டிற்கும் நடுத்தாளுக்கும் இடையே இசையில்லா வெற்றிடம் ஒன்று உண்டு. சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் நோக்கினால் அங்கே நுண்ணிய எழுத்துகள் தெரியும். சுவடியின் இறுதியில் எழுதினோன் பெயரும் நாளும் குறிக்கப்படுவதை ஒத்தது இது. இ.எம்.ஐ. தட்டில் நடுத்தாளின் கீழ்ப்புறமாக வெட்டு எண் இருக்கும். 'எக்ஸ்.இ.எக்ஸ்.' என்னும் எழுத்துகளைத் தொடரும் எண் அந்தப் பக்கத்தைக் குறிக்கும். இறுதியில் வரும் -1, -2 முதலியன அது எத்தனையாவது வெட்டு என்பதைக் குறிக்கும். இடப்புறம் உள்ள எண் தாய்த் தகட்டைக் காட்டும். வலப்புறம் உள்ள எழுத்துகள் அச்சுத் தகட்டின் எண்ணைக் குறிப்பவை. 'கிராமபோன் லிமிடெட்' என்னும் பெயரின் ஆங்கிலச் சுருக்கத்திலுள்ள பத்து எழுத்துகளே அங்கு இலக்கங்களாக நிற்கின்றன. ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3 என வரிசையாகச் சென்று, கடைசி எழுத்து 0 ஆகும்.

இவ்வெழுத்துகளைப் படிக்கக் கற்றவர் நடுத்தாளின் நிறத்தைக் கண்டு மயங்கார். 1963 மார்ச் 22 அன்று வெளியான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' தொகுப்பின் முதற்படிகள் கருப்பும் பொன்னுமான நடுத்தாள் கொண்டவை. பின்னர் அது கருப்பும் மஞ்சளுமாக மாறிற்று. பொன்னெழுத்துத் தட்டிற்குப் பெருவிலை. மஞ்சளெழுத்துத் தட்டிற்குக் குறைந்த விலை. ஆயின் மோனோ வடிவில் இரண்டிலும் காணப்படுவது -1என் என்னும் ஒரே வெட்டே. தாள் மாறியதேயன்றிப் பள்ளம் மாறவில்லை. பொன்னிறத்திற்குக் கொடுக்கும் மிகைவிலை செவிக்கு உரியதன்று, கண்ணுக்கு உரியது.

முதற்பதிப்பின் மயக்கம்

முதற்படியே சிறந்த படி என்பது சேகரிப்போரிடையே நிலவும் பொதுநம்பிக்கை. நூலுலகில் இதன் மறுதலையே பெரும்பாலும் உண்மை. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணி பின்வந்த பதிப்புகளில் புதிய சுவடிகளின் துணையால் திருத்தம் பெற்றது. நூலில் பின்பதிப்பு தெளிவு பெறும். தட்டிலோ நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேய்கிறது. படிக்குப் படி எடுக்கும்போது இரைச்சல் கூடுகிறது. ஆகவே முற்பட்ட படியை நாடுவதற்கு நியாயம் உண்டு. எனினும் அந்நியாயம் எல்லா இடத்தும் செல்லுவதன்று.

1965 டிசம்பர் 3 அன்று வெளிவந்த 'ரப்பர் சோல்' மோனோ தட்டின் முதல் வெட்டு மிக உரத்தது. தாழ்சுரம் அதில் ஓங்கி நிற்கும். சேகரிப்போர் அதனை 'உரத்த வெட்டு' என்றே பெயரிட்டு அழைக்கின்றனர். நிறுவனம் அதனைக் கைவிட்டுப் பின்னர் அடக்கமான -4 வெட்டைப் பயன்படுத்தியது. நல்ல கருவி உடையார்க்கு -1 விருந்து. எளிய கருவி உடையார்க்கு அது கரகரப்பு. இரண்டில் எது மேல் என்னும் வினாவிற்குக் கேட்பவரின் கருவியை அறியாமல் விடை கூற இயலாது.

1966 ஆகஸ்ட் 5 அன்று வெளிவந்த 'ரிவால்வர்' இன்னும் வியப்பானது. அதன் மோனோ தட்டின் இரண்டாம் பக்கத்தில் எக்ஸ்.இ.எக்ஸ். 606-1 என்னும் வெட்டு உள்ள படிகளில், இறுதிப் பாட்டான 'டுமாரோ நெவர் நோஸ்' பதினொன்றாம் கலவையாக இடம்பெற்றது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தேர்ந்தது எட்டாம் கலவை. திருத்தம் செய்யுமுன்னே சில படிகள் வெளியேறிவிட்டன. பாட்டின் ஊடே வரும் நாடா ஒலிகளின் அளவும் இடமும் அவற்றில் வேறுபடும். முதற்படி என்பதால் சேகரிப்போர் அதனைப் போற்றுகின்றனர்; ஆக்கியோர் விலக்க நினைத்ததும் அதுவே. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் வைக்க வேண்டிய பாடம் இங்கே பொற்காசு விலைக்குப் போகிறது.

மோனோவும் ஸ்டீரியோவும்

மூலபாடம் பற்றிய வினா கூர்மை பெறுவது இவ்விரண்டின் இடையேதான். 1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்து வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை ஒலிபெருக்கிக் கருவிகளே இருந்தன. ஆகவே மோனோ கலவைக்கே முதன்மை தரப்பட்டது. முதல் இரு தொகுப்புகளும் இரண்டே தடங்களில் பதிவானமையால், அவற்றின் ஸ்டீரியோ வடிவில் குரல் ஒரு பக்கமும் கருவியிசை மறுபக்கமும் பிரிந்தே ஒலிக்கும். பாடியவனை மேடையின் ஒரு மூலையிலும் பக்கவாத்தியத்தை மறுமூலையிலும் அமர்த்தியது போன்றது இது.

1967இல் வந்த 'சார்ஜெண்ட் பெப்பர்' தொகுப்பின் மோனோ கலவை நடந்தபோது பீட்டில்ஸ் நால்வரும் உடனிருந்து கருத்துரைத்தனர். ஸ்டீரியோ கலவை பின்னர் அவர்கள் இல்லாமலே விரைவாக முடிக்கப்பட்டது. 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் சற்று விரைவாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும். ஸ்டீரியோவில் தாழ்ந்து மெல்லச் செல்லும். வீட்டை விட்டு நீங்கும் ஒரு பெண்ணின் கதை ஒன்றில் படபடப்பாகவும் மற்றதில் புலம்பலாகவும் தொனிக்கிறது. 1968 நவம்பர் 22 அன்று வந்த வெள்ளை அட்டைத் தொகுப்பில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' மோனோவில் ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் முடிகிறது. ஸ்டீரியோவில் ஒலி அடங்கி மீண்டும் எழுந்து, விரலில் கொப்புளம் வந்துவிட்டதென்று ரிங்கோ கூவும் குரலோடு நான்கரை நிமிடத்தில் முடிகிறது.

ஆக்கியோர் அமர்ந்து செய்த வடிவமே மூலம் எனின் மோனோவே மூலம். ஆயின் அடுத்த தலைமுறையினர் கேட்டு வளர்ந்ததும், உலகின் நினைவில் பதிந்ததும் ஸ்டீரியோ. 'அபி ரோடு' தொகுப்போ 1969 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தில் ஸ்டீரியோவில் மட்டுமே வெளியாயிற்று. ஆகவே 'மோனோவே மெய்' என்னும் முழக்கமும் எல்லாத் தொகுப்பிற்கும் பொருந்துவதன்று. ஒவ்வொரு தொகுப்பையும் அதன் பிறப்பறிந்து அணுகுவதே முறை.

கடல் கடந்த படிகள்

அமெரிக்காவின் கேபிடல் நிறுவனம் இங்கிலாந்துத் தொகுப்புகளை அப்படியே வெளியிடவில்லை. பதினான்கு பாட்டுகளைப் பதினொன்றாகவும் பன்னிரண்டாகவும் குறைத்து, எஞ்சியவற்றைக் கொண்டு வேறு தொகுப்புகளைக் கட்டியது. படியெடுத்த நாடாவைக் கொண்டு வெட்டியதோடு, சில பாட்டுகளில் எதிரொலியையும் சேர்த்தது. மோனோ நாடாவை இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ போலக் காட்டும் உத்தியும் கையாளப்பட்டது. இடைச்செருகல் என்று தமிழறிஞர் கடியும் செயல் இதுவே.

எனினும் இங்கு ஒரு மறுப்பும் எழும். 1964இல் வானொலியருகே அமர்ந்து அந்த எதிரொலியோடு பாட்டைக் கேட்ட அமெரிக்க இளைஞர்க்கு அதுவே பீட்டில்ஸ். எதிரொலி நீக்கிய தூய வடிவம் அவர்க்கு வறண்டதாகத் தோன்றும். அந்நினைவிற்கும் மதிப்புண்டு என்பதாலேயே 1964ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொகுப்புகள் 2024இல் மோனோ வினைல் தட்டுகளாக மீண்டும் வந்தன. மக்கள் வாயில் பயின்ற பாடத்தைப் பிழை என்று தள்ளுவதா, வழக்கு என்று கொள்வதா என்னும் சிக்கல் பதிப்பியலுக்குப் புதியதன்று.

இந்தியாவிற்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி பீட்டில்ஸ் தட்டுகளை அச்சிட்டது. இந்நாட்டில் தயாரானது என்னும் குறிப்போடு அவை விற்கப்பட்டன. பழைய தட்டுக்கடைகளில் இன்றும் அவை அகப்படுவதுண்டு. அயல்நாட்டுச் சேகரிப்போர் அவற்றையும் நாடுகின்றனர். கீறலுற்ற படிகளே மிகுதி எனினும், வெற்றிடத்து எழுத்தைப் படித்தறிவோர்க்கு அவையும் சுவடிகளே.

புதுப்பதிப்புகளும் ஒரு பாடமும்

1982இல் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் பீட்டில்ஸ் தொகுப்புகளைப் பாதி வேகத்தில் வெட்டி ஒரு பேழையாக வெளியிட்டது. நுண்ணொலி தெளிவாக உள்ளது என்று புகழ்ந்தாரும் உளர். உயர்சுரம் மிகைப்பட்டது என்று குறை கூறினாரும் உளர். 2009இல் பாடல்கள் யாவும் எண்ணியல் முறையில் செம்மை செய்யப்பட்டன. 2012இல் வந்த ஸ்டீரியோ வினைல் தட்டுகள் அவ்வெண்ணியல் மூலத்திலிருந்து வெட்டப்பட்டவை. 2014இல் மோனோ தொகுப்புகள் எண்ணியல் இடையீடின்றி மூல நாடாக்களிலிருந்தே மீண்டும் வெட்டப்பட்டன. ஷான் மாகி, ஸ்டீவ் பெர்கோவிட்ஸ் ஆகிய இருவரும் 1960களில் வெட்டியோர் எழுதிவைத்த குறிப்புகளைத் துணைக்கொண்டு அப்பணியைச் செய்தனர். சுவடியையும் பழைய உரைக்குறிப்பையும் ஒருங்கே வைத்துப் பதிப்பிப்பதை ஒத்த இம்முயற்சி, தூய தட்டு கிட்டாதார்க்குப் பெரும்பேறாயிற்று. முதற்படியை விஞ்சுவது என்று ஒருசாராரும், அதன் வீறு இதில் இல்லை என்று மற்றொருசாராரும் இன்றுவரை வாதிடுகின்றனர்.

இவ்வாதத்தில் இறங்குமுன் நினைவிற்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்று 2022இல் நடந்தது. மேற்கூறிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 2011 முதல் வெளியிட்டு வந்த தட்டுகள் பலவற்றில் எண்ணியல் படி ஒன்று இடையே பயன்பட்டது என்னும் செய்தி அவ்வாண்டு வெளிப்பட்டது. நாடாவிலிருந்து நேரே வெட்டியவை என்று நம்பி, அவற்றின் ஒலியை முற்றிலும் நாடாவின் இயல்பொலி என்று போற்றியோர் பலர். எண்ணியல் ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் இனங்காண்போம் என்று கூறியோரும் அவருள் இருந்தனர். வழக்கும் எழுந்தது.

இங்கே இரண்டு உண்மைகள் புலனாகின்றன. வாங்குவோரிடம் உண்மையை மறையாது கூறுதல் விற்போர் கடமை என்பது ஒன்று. செவி கேட்டதாக நம்புவதில் ஒரு பகுதி உண்மையில் அட்டையைப் படித்த கண் சொன்னது என்பது மற்றொன்று. முன்னது வணிக அறம். பின்னது கேட்போர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டிய அறம்.

விலையும் ஒலியும்

அரிதானதெல்லாம் நன்றாக ஒலிப்பதன்று. வெள்ளை அட்டைத் தொகுப்பு ஒவ்வொரு படியிலும் வரிசை எண் பொறித்து வெளிவந்தது. ரிங்கோ ஸ்டாரிடம் இருந்த முதல் எண் படி 2015இல் 7,90,000 டாலருக்கு ஏலம் போயிற்று. 1966இல் அமெரிக்காவில் வந்த 'யெஸ்டர்டே அண்ட் டுடே' தொகுப்பின் கைவிடப்பட்ட இறைச்சிக்கடை அட்டைக்கும் பெருவிலை உண்டு. இவ்விலைகள் யாவும் எண்ணுக்கும் அட்டைக்கும் உரியவை. பள்ளத்தில் உள்ள இசைக்கு உரியவை அல்ல.

நற்படி தேடுவோர் கைக்கொள்ளத் தக்க நெறி எளியது. முதலாவது, தட்டின் உடல்நிலை. முன்னைய உரிமையாளரின் கனத்த ஊசி உழுத முதற்படியைவிட, ஊறுபடாத மூன்றாம் படி நன்றாக ஒலிக்கும். இரண்டாவது, வெற்றிடத்து எண். நடுத்தாளை நம்பாது வெட்டை அறிதல். மூன்றாவது, தூய்மை, இரைச்சல் என்று எண்ணி ஒதுக்கிய தட்டு பல வேளைகளில் அழுக்கேறிய தட்டே. நான்காவது, ஒப்புநோக்கும் முறை. உரக்க ஒலிப்பது செவிக்கு எப்போதும் சிறந்ததாகவே தோன்றும். எனவே இரண்டு தட்டுகளையும் ஒரே அளவு ஒலியில் வைத்து, எது எதுவென்று அறியாத நிலையில், பிறர் ஒருவர் மாற்றி மாற்றி இயக்கக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டபின்னும் ஒன்று சிறந்து நின்றால் அதன் சிறப்பு மெய்யானது.

நிறைவாக ஒன்று. சுவடியைப் படிப்பதால் எழுத்து தேய்வதில்லை. தட்டோ கேட்குந்தோறும் ஊசியால் சிறிது தேய்கிறது. ஒலி மாறுமே என்று அஞ்சி, உறை பிரியாத தட்டைப் பேழையுள் பூட்டிவைப்போரும் உளர். அவரிடம் இருப்பது கேட்கப்படாத பாட்டு. கேட்கப்படாத பாட்டு பாட்டாகாது. நற்படி தேடுவதன் பயன் அதனைக் காப்பதில் மட்டுமன்று, அளவறிந்து கேட்பதிலும், கேட்டதைப் பிறரோடு பகிர்வதிலும் உள்ளது. பாடியோரில் இருவர் மறைந்தனர், வெட்டியோரின் பெயர்கள் மங்கின, நாடாக்கள் முதிர்கின்றன. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' தொகுப்பின் பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் லண்டனில் பதிவாயிற்று. அந்த நாளின் இறுதியில் சளியால் கரகரத்த குரலோடு லெனன் பாடியது, தேய்ந்த பள்ளத்திலும் கேட்கத்தான் செய்கிறது. அக்குரலுக்கு இன்னும் ஓரடி அருகே செல்ல முயல்வதே இத்தேடலின் பொருள். அம்முயற்சி ஆய்வு என்னும் பெயருக்கு உரியதே.